ஒட்டிய விலையும் கொட்டிய விலையும்

விற்காத சரக்குக்கு விலை குறைப்பார்கள், அது வணிகம். தேடி வரும் சரக்குக்கு விலை ஏற்றுவார்கள், அதுவும் வணிகமே. ஆனால், விலை இன்னதென்று அச்சிட்டு, கண்ணாடியிலே ஒட்டி, ஊரறியக் காட்டிவிட்டு, "அதற்கு மேலே ஐம்பதாயிரம் டாலர் கொடு, ஒரு இலட்சம் டாலர் கொடு" என்று கேட்பதும், கேட்டதைக் கொட்டிக் கொடுத்தவன் ஏமாந்தோமே என்று வருந்தாமல், "எனக்கல்லவா கிடைத்தது!" என்று மார்தட்டுவதும் எந்த வணிகத்தைச் சேர்ந்தவை? குறைந்த எண்ணிக்கையில் செய்யப்படும் ஸ்போர்ட்ஸ் கார் வந்திறங்கும்போது, அமெரிக்க நாட்டின் கார்க் கடைகளிலே காணக் கிடைக்கும் காட்சி இது.

"சீமான்கள் காசு, சீமான்கள் கார். நமக்கென்ன?" என்று கேட்கத் தோன்றும். கேட்பது நியாயமே. இரண்டே பேர் அமரக்கூடிய, மூட்டை முடிச்சு வைக்க இடமில்லாத ஒரு வண்டிக்கு எவர் எத்தனை இலட்சம் கொடுத்தாலும், உழைத்துப் பிழைப்பவன் வீட்டு உலை அதனால் அணைந்துவிடாது. ஆயினும் நாம் இதைப் பற்றி எழுத முற்படுவதற்குக் காரணம் உண்டு. பற்றாக்குறை எப்படி உண்டாக்கப்படுகிறது, அது யார் பையை நிரப்புகிறது என்ற பாடத்தை, அரிசிக் கடையைவிடத் தெளிவாக இந்தக் கார்க் கடை கற்றுத் தருகிறது. அதுமட்டுமா? சீமான் வீட்டுக் கொல்லையிலே வளர்ந்த இந்தப் பழக்கம், நடுத்தரக் குடும்பத்தின் வாசலிலும் வந்து நின்றதை 2022 ஆம் ஆண்டிலே உலகம் கண்டது. அதற்கு வருமுன், விலைச் சீட்டின் கதையை முதலில் பார்ப்போம்.

சீட்டு பிறந்த கதை

1958 ஆம் ஆண்டுக்கு முன்பு, அமெரிக்காவிலே புதுக் கார் வாங்கப் போனவனுக்கு உண்மை விலை எதுவென்று தெரியாது. ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு விலை சொல்வார். வண்டிச் சத்தம் என்பார். உபரிச் சாமான் என்பார். கணக்கை ஊதிப் பெருக்கிவிட்டு, அதிலே கொஞ்சம் 'தள்ளுபடி' செய்து பெரிய மனம் காட்டுவார். இந்தக் கூத்தைக் கண்டு பொறாத ஒக்லஹோமா மாநிலத்து செனட்டர் மன்ரோனி ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் அதைச் செய்த கம்பெனி குறிக்கும் விலை, உபரிச் சாமான்களின் விலை, கொண்டுவந்து சேர்த்த செலவு ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒட்டப்பட வேண்டும். வாங்குபவர் கைக்கு வண்டி போகுமுன் எவரும் அதைக் கிழிக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். இன்றுவரை அந்தச் சீட்டை அவர் பெயராலேயே 'மன்ரோனி சீட்டு' என்று அழைக்கிறார்கள்.

நல்ல சட்டம்தான். ஆனால் அதிலே ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது. விலையைக் காட்டு என்கிறது சட்டம். காட்டிய விலைக்கே கொடு என்று கூறவில்லை! சீட்டிலே உள்ள தொகைக்கு அவர்கள் வைத்துள்ள பெயரைக் கவனியுங்கள்: 'உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் சில்லறை விலை'. பரிந்துரை! கேட்டாலும் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

கம்பெனியே நேராக விற்றால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். ஆனால், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கார்க் கம்பெனி தன் முகவர்களைத் தாண்டி நேரடியாகக் கடை விரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. முகவர் தனி வணிகர். வண்டியை அவர் கம்பெனியிடம் விலை கொடுத்து வாங்குகிறார். அதன் பின் அது அவர் சரக்கு. "இந்த விலைக்கு மேல் விற்காதே" என்று உற்பத்தியாளர் உச்ச வரம்பு கட்டுவதே சட்ட விரோதம் என்று 1968 இல், ஒரு செய்தித்தாள் விநியோக வழக்கிலே, அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1997 இல், ஒரு பெட்ரோல் நிலைய வழக்கிலேதான் அந்தக் கண்டிப்பான தடை தளர்ந்தது. வாங்குபவனைக் காக்க எழுந்த சட்டம் ஒன்று. விற்பவனின் உரிமையைக் காக்க எழுந்தது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்திலேதான் மேல்விலை குடியிருக்கிறது. அரிய வண்டி வந்ததும், மன்ரோனி சீட்டுக்குப் பக்கத்திலே இன்னொரு சீட்டு முளைக்கிறது. 'சந்தைச் சரிக்கட்டல்' என்று அதற்கொரு நாகரிகப் பெயர். திரையரங்க வாசலில் நின்று நுழைவுச் சீட்டை மறைத்து விற்பவன் செய்வதும் சரிக்கட்டல்தான். அவனுக்குக் கண்ணாடிக் கட்டடமும் கழுத்துப் பட்டையும் இல்லை, அவ்வளவே!

இல்லாமை இருவகை

வண்டி ஏன் குறைவாக இருக்கிறது? குறைவிலே நேர்மையான குறைவும் உண்டு. கையால் தைக்கும் தோலும், ஒவ்வொன்றாகப் பூட்டும் எஞ்சினும் ஆயிரக்கணக்கில் உருண்டு வந்துவிடாது. பந்தய விதியால் பிறக்கும் குறைவும் உண்டு. 1980களில் 'குரூப் பி' என்ற பந்தயப் பிரிவிலே கலந்துகொள்ள வேண்டுமானால், அந்த ரகத்தில் 200 வண்டிகளாவது செய்யப்பட வேண்டும் என்று விதி இருந்தது. அதற்காகவே ஃபெராரி கம்பெனி 288 ஜி.டி.ஓ. என்ற காரைச் செய்தது. மொத்தம் 272 வண்டிகள். பந்தயத்துக்காகப் பிறந்ததால் அது அரிதாயிற்று. இதிலே குற்றம் காண்பதற்கில்லை.

மற்றொரு வகைக் குறைவு, கணக்குப் புத்தகத்திலே பிறப்பது. சந்தை எத்தனை கேட்கிறதோ அதிலே ஒன்று குறைத்துச் செய்வதே தம் வழி என்பது என்ஸோ ஃபெராரியின் கொள்கையாகச் சொல்லப்படுவது. 1995 இல் வெளிவந்த எஃப்-50 என்ற கார், எழுதி வைத்தாற்போல 349 வண்டிகளோடு நிறுத்தப்பட்டது. 350 அல்ல, 349! அந்த ஒரு வண்டி செய்யப்படாததால் மிச்சமானது இரும்பும் இரப்பரும் மட்டுமல்ல, ஏக்கமும் மிச்சமாயிற்று. அந்த ஏக்கமே அடுத்த காருக்கு விளம்பரம்.

இந்த எண்ணிக்கை இயற்கை விதித்ததா? இல்லை என்பதற்கு அதே கம்பெனியே சான்று. 1987 இல் வந்த எஃப்-40 காரை 400 அளவிலே செய்வதாகத்தான் முதலில் திட்டம். கேட்பவர் கூட்டம் பெருகியது. முடிவிலே 1,300 க்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. விலை மட்டுமல்ல, எண்ணிக்கையும் ஒரு 'பரிந்துரை'தான் என்பது இதனால் விளங்கவில்லையா?

குறைவாகச் செய்தால் கம்பெனிக்கு நட்டமாகாதோ? 2013 இல் ஃபெராரி வேண்டுமென்றே விற்பனையைக் குறைத்து 6,922 கார்கள் மட்டுமே விற்றது. முந்தைய ஆண்டைவிடக் குறைவு. ஆனால் வரவும் இலாபமும் அதுவரை காணாத உயரத்தைத் தொட்டன. 2024 இல் விற்றவை 13,752 கார்கள். நிகர இலாபம் 150 கோடி யூரோவைத் தாண்டியது. ஆண்டுக்கு ஒரு கோடி வண்டி விற்கும் டொயோட்டாவின் பக்கத்திலே வைத்தால் இந்த எண்ணிக்கை கடுகு. ஆனால் காரம் குறைந்த கடுகா இது!

கம்பெனியே விலையை ஏற்றினால் என்ன?

இங்கேதான் புதிர் இருக்கிறது. முகவர் ஒரு இலட்சம் டாலர் மேலே வாங்குகிறார் என்றால், அதைக் கம்பெனியே சீட்டில் எழுதிவிட்டுத் தானே எடுத்துக்கொள்ளலாமே! ஏன் செய்வதில்லை?

முதற் காரணம், வரிசை. விலையை ஏற்றினால் வரிசை கரையும். வரிசை கரைந்தால் மோகம் கரையும். கடை வாசலிலே நிற்கும் கூட்டத்தைப் போலச் சிறந்த விளம்பரம் வேறு எது?

இரண்டாவது காரணம், ஒதுக்கீடு. அரிய காரை யாருக்குக் கொடுப்பது என்று கம்பெனியே பட்டியல் போடுகிறது. முன்பு பல கார்கள் வாங்கிய விசுவாசிக்கே முதலிடம். ஆகவே, அந்த ஒன்றை அடைவதற்காக, அவ்வளவாக விரும்பாத இரண்டையும் மூன்றையும் அவன் வாங்குகிறான். சர்க்கரை கேட்டு வந்தவன் தலையில் சோப்பையும் கட்டியனுப்பும் மளிகைக் கடை வித்தைதான் இது! சீட்டிலே விட்டுக்கொடுத்த தொகை, வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

மூன்றாவது காரணம், மக்களின் நியாய உணர்வு. கானேமன், நெட்ச், தேலர் என்ற மூன்று அறிஞர்கள் கனடா நாட்டு மக்களிடம் கேட்டு 1986 இல் வெளியிட்ட ஆய்விலே, நம் பொருளுக்கு நேராகப் பொருந்தும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு கார் ரகத்துக்குத் தட்டுப்பாடு, பட்டியல் விலைக்கு விற்றுவந்த கடைக்காரர் இப்போது 200 டாலர் கூட்டிக் கேட்கிறார், இது நியாயமா? நூற்றுக்கு 71 பேர் அநியாயம் என்றனர். வேறு சிலரிடம் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டனர். இதுவரை 200 டாலர் தள்ளுபடி கொடுத்துவந்த கடைக்காரர், தட்டுப்பாடு வந்ததும் தள்ளுபடியை நிறுத்திப் பட்டியல் விலைக்கே விற்கிறார், இது எப்படி? நூற்றுக்கு 58 பேர் ஏற்கத்தக்கதே என்றனர். இரண்டிலும் வாங்குபவன் பையிலிருந்து கூடுதலாகப் போவது அதே 200 டாலர்தான்! ஆனால் ஒட்டிய விலை என்பது மக்கள் மனத்திலே கிழித்த கோடு. அதுவரை வருவதைப் பொறுப்பார்கள், தாண்டினால் பொறுக்கமாட்டார்கள். கம்பெனிகள் இதை நன்கு அறியும். எனவே கோட்டுக்குள் நின்று நல்ல பெயரைத் தாம் எடுத்துக்கொண்டு, கோட்டைத் தாண்டும் பழியை முகவருக்கு விட்டுவிடுகின்றன.

வித்தியாசம் யாருக்கு?

ஒட்டிய விலைக்கும் கொட்டிய விலைக்கும் நடுவே உள்ள தொகைக்காக நடக்கும் போட்டியைப் பார்த்தால் சிரிப்பு வரும். கம்பெனி, முகவர், முதலில் வாங்கி உடனே விற்பவன், தரகன் என்று நான்கு கைகள் ஒரே பையை இழுக்கின்றன.

1990களில் எஃப்-50 காரை அமெரிக்காவிலே உடனே விற்காமல், இரண்டு ஆண்டுக் குத்தகைக்குத்தான் ஃபெராரி கொடுத்தது. வாங்கிய மறுநாளே மறுவிற்பனை செய்து இலாபம் பார்ப்பதைத் தடுக்கும் ஏற்பாடு அது. ஃபோர்டு கம்பெனி 2016 இல் தன் புதிய ஜி.டி. காருக்கு விண்ணப்பம் போடச் சொன்னது. முதல் 500 வண்டிகளுக்கு 6,500 க்கும் மேற்பட்டோர் மனுப் போட்டனர். பணத்தை நீட்டிக்கொண்டு, "எனக்குத் தகுதி உண்டு, எனக்குக் கொடுங்கள்" என்று கோடீசுவரர்கள் மனுப் போட்ட விந்தையை என்னென்பது! கொடுத்தபோது, இரண்டு ஆண்டுகள் விற்கமாட்டேன் என்று உறுதியும் வாங்கிக்கொண்டனர். மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா அந்த உறுதியை மீறி உடனே விற்றுவிட்டார் என்று 2017 இல் ஃபோர்டு வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு சமரசமாயிற்று. அதே 2018 இல், ஏறத்தாழ நாலரை இலட்சம் டாலர் விலையுள்ள அந்த ரகக் கார் ஒன்று இண்டியானாபோலிஸ் நகர ஏலத்தில் 16 இலட்சம் டாலருக்கு மேல் போயிற்று. தடை கேட்டு ஃபோர்டு நீதிமன்றம் சென்றது, நீதிமன்றம் மறுத்துவிட்டது.

டாட்ஜ் கம்பெனி வேறு வழி தேடிற்று. 3,300 வண்டிகளே செய்யப்பட்ட அதன் 'டீமன்' காரை, ஒட்டிய விலைக்கோ அதற்குக் குறைவாகவோ விற்கும் முகவருக்கே முதலில் செய்து கொடுப்போம். மேல்விலை வாங்குவோரின் வண்டி கடைசியில்தான் வரும் என்று 2017 இல் அறிவித்தது. 2022 இல் ஜெனரல் மோட்டார்ஸ், கார்வெட் இசட்-06 முதலிய வண்டிகளை ஓராண்டுக்குள் கைமாற்றினால் உத்தரவாதம் புதியவருக்குச் செல்லாது என்றது.

இவையெல்லாம் வாங்குபவன்மீது கொண்ட இரக்கமா? ஓரளவு இருக்கலாம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. முகவர் வாங்கும் மேல்விலையிலே ஒரு காசுகூடக் கம்பெனிக்குப் போவதில்லை. அந்த வண்டிக்கு இரும்பு வளைத்தவனுக்கும், தோல் தைத்தவனுக்கும் போவதில்லை. செய்தவன் ஒருவன், கேட்பவன் ஒருவன், நடுவிலே நின்றவன் அள்ளுகிறான். கம்பெனிக்கு வந்த கோபத்தின் வேர் அங்கே இருக்கிறது.

அந்த மேற்பணம் நல்வழியிலே போன சமயமும் உண்டு. அதையும் சொல்வதுதான் முறை. ஃபெராரி 'என்ஸோ' என்ற காரை 399 என்று திட்டமிட்டுச் செய்த பின், 400 ஆவது வண்டி ஒன்றைச் செய்து போப் இரண்டாம் ஜான் பாலுக்கு அளித்தது. 2005 ஆம் ஆண்டு அது ஏலத்திலே பத்து இலட்சம் டாலருக்கு மேல் போயிற்று. ஒட்டிய விலையோ ஆறரை இலட்சம் அளவுதான். அந்தப் பணம் 2004 டிசம்பரில் நாகையையும், ஈழத்தின் கிழக்குக் கரையையும், இன்னும் எத்தனையோ கரைகளையும் சூறையாடிய ஆழிப்பேரலையால் துன்புற்றோருக்கென ஒதுக்கப்பட்டது. 2016 இல் 'லா ஃபெராரி' காரின் 500 ஆவது வண்டி 70 இலட்சம் டாலருக்கு ஏலம் போய், இத்தாலி நாட்டு நிலநடுக்க நிவாரணத்துக்குச் சென்றது. அரிதென்பதற்காக மனிதன் கொட்டும் பணத்தை எங்கே திருப்பலாம் என்பதற்கு இவை அடையாளங்கள். ஆனால் திருப்பியவை ஒன்றிரண்டு, திரும்பாதவையே மிகுதி.

குமிழி உடைந்தபோது

"இன்று கொட்டினால் நாளை இரட்டிப்பாகும்" என்பதே பலர் சொல்லும் சமாதானம். ஆகியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆகாததும் உண்டு. 1988 இல் பிரிட்டனின் பர்மிங்காம் கண்காட்சியில் ஜாகுவார் கம்பெனி எக்ஸ்.ஜே. 220 என்ற காரைக் காட்டிற்று. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் விசை என்றது. விலை 2,90,000 பவுன். முன்பணம் 50,000 பவுன். செய்ய நினைத்ததைவிடப் பல மடங்கு மனுக்கள் குவிந்தன. வண்டி வந்தது 1992 இல். பன்னிரண்டு சிலிண்டர் ஆறாயிற்று. நான்கு சக்கர விசை இரண்டாயிற்று. விலைவாசிக்கேற்ப ஏறும் ஒப்பந்தத்தால் விலை மட்டும் 4,00,000 பவுனைத் தாண்டிற்று. அதற்குள் பொருளாதார மந்தம். நேற்றுவரை வரிசையில் முண்டியடித்தவர்கள், இன்று வரிசையை விட்டு ஓட வழக்காடினர். பணம் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டோரும் உண்டு. முடிவிலே செய்யப்பட்டவை 300 க்கும் குறைவு.

போர்ஷே கம்பெனி 2016 இல் 911 ஆர் என்ற காரை 991 வண்டிகள் மட்டும் செய்தது. கையால் கியர் மாற்றும் பழைய சுகம் அதிலே இருந்தது. சந்தையிலே அதன் விலை ஒட்டிய விலையின் பல மடங்காக ஏறிற்று. மறு ஆண்டே, அதே சுகத்தை 911 ஜி.டி.3 காரிலும் தருவோம், அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை என்று கம்பெனி அறிவித்தது. 911 ஆர் விலை சரிந்தது. அந்த வண்டியிலே ஒரு திருகாணிகூட மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: வேறொருவனுக்கும் அது போன்றது கிடைத்துவிட்டது! அப்படியானால் கொட்டிய பணம் எதற்காகக் கொட்டப்பட்டது? எஞ்சினுக்காகவா? வேகத்துக்காகவா? அடுத்தவனிடம் இல்லை என்ற ஒன்றுக்காகத்தான்!

வாசலுக்கு வந்த வம்பு

சீமான்களோடு இது நின்றிருந்தால், வேடிக்கை பார்த்துவிட்டுப் போகலாம். நிற்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் மின்னணுச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கார் உற்பத்தி சுருங்கிற்று. பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் சாதாரணக் குடும்பக் காருக்கும், 'சந்தைச் சரிக்கட்டல்' சீட்டு முளைத்தது. 2021 ஜனவரியில் அமெரிக்காவில் புதுக் கார் வாங்கியோரில் ஒட்டிய விலைக்கு மேல் கொடுத்தவர் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. 2022 ஜனவரியில்? நூற்றுக்கு 82 பேர்! 'எட்மண்ட்ஸ்' என்ற கார்ச் சந்தை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கணக்கு இது. வேலைக்குப் போகக் கார் இல்லாமல் முடியாத நாட்டிலே, நர்சும் ஆசிரியரும் கொத்தனாரும் ஃபெராரிக்காரனைப் போல மேல்விலை கொடுத்தனர். ஃபெராரிக்காரன் பெருமைக்குக் கொடுத்தான். இவர்கள் பிழைப்புக்குக் கொடுத்தனர்.

உற்பத்தி சீரானதும் அந்தக் கொடுமை தணிந்தது. ஆனால் கற்ற பாடத்தை விற்றவர்கள் மறப்பார்களா? பழையபடி கடை நிறையக் கார்களைக் குவித்துவைக்கும் நாட்களுக்குத் திரும்பப் போவதில்லை என்று ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகியவற்றின் தலைவர்கள் அந்நாளிலே வெளிப்படையாகவே பேசினர். குறைவாகச் செய், கூடுதலாகப் பெறு என்ற மாரனெல்லோ நகரத்து மந்திரம், டெட்ராயிட் நகரத்துக் காதிலும் இனிமையாக விழுந்துவிட்டது!

ஆகவேதான் கூறுகிறோம்: 349 கார்களின் கதை, 349 கோடீசுவரர்களின் கதை மட்டுமன்று. கொடுக்க முடிந்தவன் கொடுக்கட்டும். அவன் ஆசைக்கு நாம் அணை கட்ட வரவில்லை. ஆனால், பொருளைச் செய்பவனே அதன் எண்ணிக்கையையும் விதித்து, விலையையும் எழுதி, எழுதிய விலை தன்னைக் கட்டுப்படுத்தாது என்றும் சொல்வானானால், அந்தச் சீட்டு யாருக்காக ஒட்டப்பட்டது? விலையைக் காட்டவேண்டும் என்று 1958 இல் ஒரு சட்டம் வந்தது. காட்டிய விலை காட்டியவனைக் கட்டவேண்டும் என்ற சட்டம் இன்னும் வரவில்லை. அது வரும்வரை, ஒட்டிய விலை ஒன்றாகவும் கொட்டிய விலை வேறாகவுமே இருக்கும். இருப்பவன் கொட்டும்போது அது செய்தி. இல்லாதவன் கொட்டும்போது அது கண்ணீர்!